லாடம் நிற்காத குளம்பு: தீவனத்தில் எதைச் சேர்த்தால் பலன் கிடைக்கும்?

செம்புரவி

எல்லோருக்கும் வணக்கம். என் குதிரைக்கு 9 வயது. விரை நீக்கிய ஆண், ஒல்லியான பந்தயக்குதிரை வம்சம், எடை 500 கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். குளம்புதான் பிரச்சினை. லாடம் அடித்துச் சில வாரங்களிலேயே ஆணி அடித்த இடத்தில் சுவர் பொடிப்பொடியாக உதிர்கிறது. முன்காலில் லாடம் கழன்றால் கூடவே ஒரு துண்டு குளம்பும் போய்விடுகிறது. அடித்தளமும் மெலிசு. சரளைக்கல் மேல் நடக்க வைத்தால் கூசிக் கூசிக் கால் வைக்கிறான்.

தீவனம்: காய்ந்த புல் நிறைய, ஓட்ஸ் 2 கிலோ, கோதுமைத் தவிடு 1 கிலோ, உப்புக்கட்டி. குளம்புக்கு என்று விற்கும் பயோட்டின் பொடி ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். எந்த அளவு, எத்தனை காலம்? உண்மையிலேயே பலன் கிடைத்தவர்கள் சொல்லுங்கள். அவன் வலியோடு நடப்பதைத் தினமும் பார்க்க முடியவில்லை.

வெள்ளைக்கால்

தாராளமாகத் தொடங்குங்கள். குளம்புச் சத்து என்று விற்கப்படுபவற்றில் ஆய்வின் ஆதாரம் அதிகமாக இருப்பது பயோட்டினுக்குத்தான். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம். லிப்பிசானர் குதிரைகளை வைத்து நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். சுமார் 9 மாதம் ஆன பிறகுதான் குளம்பின் கொம்புப் பொருளின் தரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் தெரியாது, அதனால்தான் பலரும் மூன்றாம் மாதத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீரில் கரையும் வைட்டமின். மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை. என் குதிரைக்கு ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்தேன், லாடம் இப்போது அடுத்த முறை வரை நிற்கிறது.

லாடக்காரன்

செம்புரவி, முதலில் ஒரு கேள்வி. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுகிறீர்கள்?

செம்புரவி

8 வாரம், சில சமயம் 9 ஆகிவிடும் அண்ணா. லாடம் அடிப்பவருக்கு நேரம் கிடைப்பதைப் பொறுத்து.

லாடக்காரன்

அங்கேதான் பாதி விஷயம் இருக்கிறது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். 9 வாரம் விட்டால் முன்நுனி நீண்டு, குதிகால் நசுங்கி, ஒவ்வொரு அடிக்கும் அந்த நீண்ட நுனி சுவரை நெம்புகோல் மாதிரி வெளிப்பக்கம் பிளக்கும். ஆணித் துளைகள் ஏற்கெனவே பலவீனமான இடம். எவ்வளவு நல்ல குளம்பானாலும் அங்கே உடையத்தான் செய்யும். இப்படிப்பட்ட குதிரைக்கு 5, மிஞ்சினால் 6 வாரம். அதைத் தாண்டக் கூடாது.

அடுத்து, உடைப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தரையிலிருந்து மேல்நோக்கிப் போகும் வெடிப்பா, முடி முளைக்கும் விளிம்பிலிருந்து கீழே வருவதா, குறுக்காக வளையம் வளையமாக இருக்கிறதா? காலைத் தூக்கி அடியில் வெள்ளைக்கோட்டை (சுவரும் அடித்தளமும் சேரும் இடம்) ஆணிமுனையால் மெதுவாகச் சுரண்டுங்கள். கறுப்பாகவோ சாம்பலாகவோ பொடி வந்து, உள்ளே குழி போனால் அது கிருமி. கெட்டுப்போன பகுதியைத் திறந்து வெட்டி, காற்றுப் படவிட்டு, மருந்து போட வேண்டும். எந்தப் பொடியைத் தின்னக் கொடுத்தாலும் அது சரியாகாது. அடிப்பாதத்தின் நடுவில் உள்ள முக்கோண மெத்தையில் நாற்றமும் கறுப்புக் கசிவும் இருந்தாலும் அதே கதைதான்.

தீவனம் முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சீவுதல் சரியில்லாமல் சத்துப்பொடிக்கு மட்டும் செலவழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குதிரைதான் பாவம்.

புல்லும்_நீரும்

அண்ணா சொன்னதில் ஒரு வார்த்தையைக் கூட மாற்ற வேண்டியதில்லை. தீவனப் பக்கம் நான் வருகிறேன்.

செம்புரவி, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது பயோட்டின் இல்லாதது அல்ல, தவிடுதான். கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். ஓட்ஸிலும் பாஸ்பரஸ்தான் கூடுதல். இரண்டும் சேரும்போது மொத்தத் தீவனத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தை முந்திவிட வாய்ப்பு உண்டு. குதிரைக்கு அது எப்போதும் நேர்மாறாக, கால்சியம் அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். அதோடு தவிட்டில் உள்ள பைட்டேட், கால்சியம் போன்ற தாதுக்களைப் பிடித்து வைத்துக்கொண்டு உறிஞ்ச விடாமல் தடுக்கும். பயோட்டின் கொடுத்தும் தேறாத சில குதிரைகள், கால்சியமும் புரதமும் தீவனத்தில் சேர்ந்த பிறகு தேறியதாக 1980களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாவது புரதம். குளம்புச் சுவரின் உலர் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் புரதம், பெரும்பாலும் கெரட்டின். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள்தான் கெரட்டின் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குகின்றன. அதற்கு மெத்தியோனின் வேண்டும். லைசின் போதாமல் போனால் மற்ற அமினோ அமிலங்கள் இருந்தும் உடலால் முழுதாகப் பயன்படுத்த முடியாது. முற்றிய காய்ந்த புல்லும் ஓட்ஸும் மட்டும் என்றால் லைசின் இழுபறிதான். 500 கிலோ எடையுள்ள, வேலை செய்யாத குதிரைக்கே நாளுக்கு 27 கிராம் லைசின் தேவை.

மூன்றாவது செம்பும் துத்தநாகமும். அந்தக் குறுக்குப் பிணைப்பை உண்டாக்கும் நொதிகளுக்குச் செம்பு வேண்டும். தோல், குளம்பு செல்கள் பிரிந்து முதிர்ந்து கெட்டிப்படத் துத்தநாகம் வேண்டும். ஜப்பானில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த இரண்டும் குறைவாகத் தின்ற குதிரைகளில் வெள்ளைக்கோட்டு நோய் அதிகமாகக் காணப்பட்டது. பெரும்பாலான புல்லில் இவை இரண்டும் குறைவு, இரும்பு மட்டும் அள்ளிக் கொட்டியிருக்கும்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு பயோட்டின். அதுதான் என் வரிசை.

வெள்ளைக்கால்

புல்லும்_நீரும், நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் எல்லோராலும் புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பிக் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்க முடியாது. ஆதாரம் உள்ள, ஆபத்து இல்லாத ஒன்றை இன்றைக்கே தொடங்க வேண்டாம் என்று ஏன் சொல்ல வேண்டும்? லிப்பிசானர்களில் அந்த முன்னேற்றம் பயோட்டினால்தானே வந்தது?

புல்லும்_நீரும்

தொடங்க வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அதோடு நின்றுவிட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். அந்த லிப்பிசானர் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். குளம்பின் தரம் கூடியது, வளரும் வேகம் கூடவில்லை. 1998இல் மட்டக்குதிரைகளில் செய்த இன்னொரு ஆய்வில் வளரும் வேகமும் கூடியது. ஆக, எல்லாக் குதிரையிலும் ஒரே பலன் இல்லை. பொதுவாக ஆரோக்கியமான குதிரையின் பெருங்குடலில் நுண்ணுயிர்களே பயோட்டினைத் தயாரிக்கின்றன, புல்லிலும் இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வெளியிட்ட குதிரை ஊட்டச்சத்து அறிக்கையில் பயோட்டினுக்குக் குறைந்தபட்சத் தேவை என்று ஓர் எண்ணே இல்லை. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் இருக்கிறது. அந்த எண்ணைக் கூடத் தொடாத குதிரைக்குப் பயோட்டினை மட்டும் கொடுத்துவிட்டு 9 மாதம் காத்திருந்தால், அந்த 9 மாதம் திரும்பி வராது. எனக்கு உறுத்துவது அதுதான்.

செம்புரவி

இரண்டு பேருக்கும் நன்றி. ஆய்வுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய முடியும் என்று நினைக்கிறேன். புல்லை எப்படி எடுப்பது? ஒரு கைப்பிடி போதுமா?

புல்லும்_நீரும்

ஒரு கைப்பிடி போதாது. ஒரே கட்டிலிருந்து எடுத்தால் அந்தக் கட்டின் கதை மட்டும்தான் தெரியும். ஒரே வயலில், ஒரே அறுவடையில் வந்த பல கட்டுகளிலிருந்து, வெளிப்பக்கம் இல்லாமல் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பையை அனுப்புங்கள். துளையிட்டு எடுக்கும் குழாய் கிடைத்தால் இன்னும் நல்லது. தாதுக்களுக்கு ரசாயன முறையில் அளக்கச் சொல்லுங்கள். அகச்சிவப்பு ஒளியால் பார்க்கும் விரைவு முறை புரதம், நார் ஆகியவற்றுக்குப் பரவாயில்லை, செம்பு போன்ற நுண்தாதுக்களுக்கு நம்ப முடியாது. கேட்க வேண்டியவை: புரதம், கால்சியம், பாஸ்பரஸ், மெக்னீசியம், செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீஸ், முடிந்தால் செலினியம். சர்க்கரையும் மாவுச்சத்தும் கூட.

குதிரையின் எடையையும் கணக்குப் பண்ணுங்கள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்த சென்டிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்தொடை முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். கிலோவில் எடை வரும். கண்ணளவில் சொல்லும் எடை பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

பரிமருத்துவம்

கால்நடை மருத்துவராக ஒரு வார்த்தை. சத்துக்குள் நுழைவதற்கு முன்னால், கல் மேல் கூசுகிறான் என்று சொன்னதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். மெலிந்த அடித்தளம் அதற்குக் காரணமாக இருக்கலாம். லேசான லேமினைட்டிஸாகவும் (குளம்புச் சுவரை உள்எலும்போடு பிணைக்கும் திசுவின் அழற்சி) இருக்கலாம். குளம்புச் சுவரில் உள்ள வளையங்களைப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே இடைவெளியில் இருந்தால் பருவமோ தீவனமோ மாறியதன் அடையாளம். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்தால், வெள்ளைக்கோடு இழுபட்டு அகன்றிருந்தால், உடனே மருத்துவரைக் கூப்பிட்டு எக்ஸ்ரே படம் எடுத்துப் பாருங்கள். இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்கும், வயதான குதிரையில் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறு இருந்தாலும், குளம்புப் பொடி விடை ஆகாது. சர்க்கரையைக் குறைப்பதும் நோய்க்கு மருந்து கொடுப்பதும்தான் விடை. அப்படிப்பட்ட குதிரைக்கு ஓட்ஸ் கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இந்த இழையைப் படிக்கிற ஒருவராவது அந்தத் தவறான பொட்டலத்தைக் கையில் எடுக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

செலினியம். குதிரைக்குத் தேவை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான், நஞ்சாகும் அளவும் அதிகத் தூரத்தில் இல்லை. குளம்புப் பொடி ஒன்று, பொதுச் சத்துக் கலவை ஒன்று, கலப்புத் தீவனம் ஒன்று என்று மூன்றிலும் செலினியம் இருந்து, புல் விளைந்த மண்ணிலும் இருந்தால் எளிதில் எல்லை மீறிவிடும். நாள்பட்ட செலினிய நஞ்சின் அறிகுறியே பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டுவதும், முடி விளிம்புக்குக் கீழே குளம்பு வளையமாக வெடிப்பதும்தான். குளம்பு நன்றாக வர வேண்டும் என்று கொடுத்தது குளம்பையே கழற்றிவிடும். 2009இல் ஃப்ளோரிடாவில் 21 போலோ குதிரைகள் ஒரே சமயத்தில் இறந்தது, தவறாகத் தயாரித்த சத்து ஊசியில் செலினியம் மிகையானதால்தான். கூட்டிப் பார்க்காமல் இரண்டு பொருளைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

மாட்டுக்கான தாதுக் கலவை. குதிரைக்குத் தராதீர்கள். மாடு, கோழித் தீவனங்களில் சேர்க்கும் மொனென்சின் என்ற மருந்து குதிரையின் இதயத் தசையை அழிக்கும். சிறிய அளவே உயிருக்கு ஆபத்து, முறிமருந்து இல்லை. அட்டையில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், அதே ஆலையில் அதே கலவை எந்திரத்தில் ஓடியிருக்கலாம்.

குட்டிமட்டம்

டாக்டர், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மட்டக்குதிரைக்கு நீங்கள் சொன்ன மாதிரியேதான் வளையங்கள். குதிகால் பக்கம் அகலம். கழுத்து மேல் கொழுப்பு மேடு போல நிற்கிறது. எடை 250 கிலோ. குளம்புக்கு என்று ஒரு பொடி கொடுத்து வருகிறேன், நொண்டவில்லை.

பரிமருத்துவம்

நொண்டாத நாளிலேயே கேட்டது நல்லது அம்மா. கழுத்து மேடும் விரியும் வளையமும் சேர்ந்து வந்தால் இன்சுலினை அளக்க ரத்தப் பரிசோதனை செய்யாமல் விடக் கூடாது. அதுவரை தானியத்தை நிறுத்துங்கள், பசும்புல்லில் மேய விடாதீர்கள். சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் காய்ந்த புல் வேண்டும். கிடைக்காவிட்டால் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்கலாம், சர்க்கரை ஓரளவு கரைந்து போகும். பட்டினி மட்டும் போடாதீர்கள். மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் ரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

நீங்கள் கொடுக்கும் பொடியில் சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், சுவைக்காகச் சேர்ப்பார்கள். பயோட்டின் அவளுக்கு நாளுக்கு 8 முதல் 10 மில்லிகிராம் போதும். தாதுக்களையும் எடைக்குத் தகுந்தாற்போல் பாதியாக்க வேண்டும்.

லாடக்காரன்

குட்டிமட்டம், காலைத் தொட்டுப் பாருங்கள் அம்மா. கணுவுக்குப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் நாடி ஓடும். நல்ல நாளில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். தொட்டதும் துள்ளினால், குளம்பும் சூடாக இருந்தால், காத்திருக்காதீர்கள்.

செம்புரவி

டாக்டர் சொன்னபடி படம் எடுத்தாயிற்று. லேமினைட்டிஸ் இல்லை, அடித்தளம் மெலிசு, முன்நுனி நீளம். வெள்ளைக்கோட்டில் இரண்டு இடத்தில் சாம்பல் நிறப் பொடி இருந்தது, திறந்து சுத்தம் செய்தார்கள். சீவுவது இனி 5 வாரத்துக்கு ஒருமுறை.

எடை 494 கிலோ வருகிறது (நெஞ்சுச் சுற்று 188, நீளம் 166). புல்லின் ஆய்வும் வந்துவிட்டது. ஒரு கிலோ உலர் எடைக்குச் செம்பு 5 மில்லிகிராம், துத்தநாகம் 18, இரும்பு 220. புரதம் 7 சதவீதம். கால்சியமும் பாஸ்பரஸும் கிட்டத்தட்டச் சமம். செலினியம் மிகக் குறைவு. ஒரு நாளைக்கு உலர் எடையில் 9 கிலோ தின்கிறான்.

இதை வைத்து என்ன செய்ய வேண்டும்?

புல்லும்_நீரும்

இந்த எண்களைப் பார்த்தால் குளம்பு உதிர்வதில் ஆச்சரியமே இல்லை.

9 கிலோ புல்லில் அவனுக்குக் கிடைக்கும் செம்பு 45 மில்லிகிராம், தேவை 100. துத்தநாகம் 162, தேவை 400. இரும்பு 1,980, தேவை 400. செம்பு பாதிக்கும் கீழே, துத்தநாகமும் அப்படியே, இரும்பு மட்டும் ஐந்து மடங்கு. ஆகவே செம்பு 55 மில்லிகிராமும், துத்தநாகம் 240 மில்லிகிராமும் குறைந்தபட்சம் சேர வேண்டும். இரும்பு இவ்வளவு இருக்கும்போது செம்பையும் துத்தநாகத்தையும் தேவைக்கு ஒன்றரை மடங்கு வரை வைப்பவர்களும் உண்டு. ஓட்ஸில் கொஞ்சம் வரும், அதை உபரி என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு ஒன்றுக்குத் துத்தநாகம் மூன்று முதல் நான்கு என்ற விகிதத்தில் இருக்கட்டும். இரும்பு சேர்த்த எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

தவிட்டை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) காய்ந்தது 1.5 கிலோ. இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த மாற்றம் இதுதான். கால்சியம், புரதம், லைசின் மூன்றையும் ஒரே கட்டில் கொண்டுவருகிறது. மொத்தப் புல்லையும் அதுவாக மாற்ற வேண்டாம். புல்லில் புரதம் 7 சதவீதமே என்பதால், சூடாக்கிப் பதப்படுத்திய சோயாப் புண்ணாக்கு 200 முதல் 300 கிராம் சேர்க்கலாம். பச்சை சோயா கூடாது, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. செலினியம் 1 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 500 அலகும் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த புல்லில் வைட்டமின் ஈ பெரும்பாலும் அழிந்துவிட்டிருக்கும்.

அதற்கு மேல் பயோட்டின் 20 மில்லிகிராம். வெள்ளைக்கால், உங்கள் பயோட்டின் பட்டியலில் இருக்கிறது பாருங்கள்.

பரிமருத்துவம்

பட்டியல் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு திருத்தம். இரும்பு அதிகமானால் செம்பும் துத்தநாகமும் உறிஞ்சப்படாது என்பதற்குக் குதிரைகளில் கிடைத்திருக்கும் ஆதாரம் வலுவானது அல்ல. ஆனால் இந்தக் குதிரையில் அந்த வாதமே தேவையில்லை. செம்பும் துத்தநாகமும் நேரடியாகவே குறைவு, அதுவே போதுமான காரணம். செலினியம் சேர்ப்பதற்கு முன்னால் ரத்தத்தில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

செம்புரவி

கையில் இரண்டு பொடிகள் இருக்கின்றன. முதலாவதில் ஒரு கிலோவுக்குப் பயோட்டின் 400, துத்தநாகம் 8,000, செம்பு 2,000 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. நாளுக்கு 30 கிராம். இரண்டாவதில் பயோட்டின் 50 மில்லிகிராம், இரும்பு 6,000, நாளுக்கு 60 கிராம். இரண்டாவதுதான் ‘குளம்புக்குச் சிறப்பு’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

புல்லும்_நீரும்

கிலோவுக்கு எவ்வளவு என்பதை மறந்துவிட்டு, அவன் வாய்க்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு போகிறது என்று மட்டும் பாருங்கள். முதலாவதில் 30 கிராமுக்குப் பயோட்டின் 12, துத்தநாகம் 240, செம்பு 60 மில்லிகிராம். உங்கள் புல்லின் குறையை அப்படியே நிரப்புகிறது. பயோட்டின் மட்டும் 8 குறைகிறது, தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவதில் 60 கிராமுக்குப் பயோட்டின் வெறும் 3 மில்லிகிராம், இரும்பு 360. வேண்டியது இல்லை, வேண்டாதது இருக்கிறது.

தனித்தனி உப்புகளாக வாங்கிக் கலக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று: செம்புசல்ஃபேட் படிகத்தில் செம்பு கால் பங்குதான், துத்தநாக சல்ஃபேட் மோனோஹைட்ரேட்டில் துத்தநாகம் சுமார் 36 சதவீதம். 55 மில்லிகிராம் செம்புக்கு 0.22 கிராம் படிகம். சமையலறைத் தராசில் இதை அளக்க முடியாது. தயார் கலவைதான் பாதுகாப்பு.

ஆளிவிதை

ஜெலட்டின் கொடுத்தால் குளம்பு நன்றாக வரும் என்று எங்கள் லாயத்தில் பலர் சொல்கிறார்கள். தினமும் பச்சை முட்டை உடைத்து ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். கடற்பாசிப் பொடியும். இவற்றைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பரிமருத்துவம்

ஜெலட்டின்: மட்டக்குதிரைகளில் 1977இலேயே சோதித்துப் பார்த்தார்கள். குளம்பு வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. அதே ஆய்வில் போதுமான தீவனம் தின்ற குட்டிகளின் குளம்பு, தீவனம் குறைத்தவற்றைவிட வேகமாக வளர்ந்தது. வயிறு நிறையாத குதிரைக்குக் குளம்பு வளராது என்பது எல்லாப் பொடிகளுக்கும் முந்தைய விஷயம்.

பச்சை முட்டை வேண்டாம். வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைக் கெட்டியாகப் பிடித்து உறிஞ்ச விடாமல் செய்யும். ஒரு கையால் பயோட்டின் கொடுத்து மறு கையால் பறிப்பதாகிவிடும்.

கடற்பாசியில் அயோடின் அளவு பொட்டலத்துக்குப் பொட்டலம் மாறும். மிகையானால் தைராய்டைக் கெடுக்கும், சினைக்குதிரைக்குக் கூடவே கூடாது. உங்கள் பெயரிலேயே உள்ள ஆளிவிதை நல்ல கொழுப்பு, தோலுக்கும் மயிருக்கும் உதவும். குளம்பை அது மட்டும் மாற்றும் என்று சொல்ல மாட்டேன்.

குட்டிமட்டம்

இன்சுலின் அளவு அதிகம் என்று வந்துவிட்டது டாக்டர். புல்லை ஊறவைத்துத்தான் கொடுக்கிறேன். அந்தப் பொடியில் சர்க்கரைப்பாகு இருந்தது, நிறுத்திவிட்டேன். சரியான நேரத்தில் சொன்னீர்கள், ரொம்ப நன்றி.

லாடக்காரன்

செம்புரவி, தீவனத்தை மாற்றிய நாளன்று முடி விளிம்புக்குக் கீழே ஒரு சின்ன கோடு அரத்தால் லேசாகப் போடச் சொல்லுங்கள், ஆழமாக வேண்டாம். மாதம் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து ஒரே உயரத்தில் படம் எடுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பது புதுத் தீவனத்தின் குளம்பு, கீழே இருப்பது பழையது. பழையதை எந்தச் சத்தும் ஒட்டவைக்காது, அது இறந்த பொருள். குதிகால் பக்கம் 4 முதல் 6 மாதத்தில் புதிதாகிவிடும். முன்நுனி முழுதாக இறங்க 9 முதல் 12 மாதம். குளிரில் வளர்ச்சி மந்தமாகும். நடமாட்டம் இருந்தால் வேகமாகும், அதனால் லாயத்திலேயே கட்டிவைக்காதீர்கள்.

இடைப்பட்ட காலத்தில் மெல்லிய ஆணி, குறைந்த எண்ணிக்கை. சுவர் ரொம்பப் போய்விட்டால் ஒட்டும் லாடமோ காலுறையோ பாருங்கள்.

வெள்ளைக்கால்

பயோட்டினை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை. 1994இல் வந்த ஒரு நீண்டகால ஆய்வில், பயோட்டினைக் குறைத்த அல்லது நிறுத்திய 10 குதிரைகளில் 7-ன் குளம்பு மறுபடி மோசமானது. தேறியதும் நிறுத்திவிடாதீர்கள். என் குதிரைக்கும் புல்லின் ஆய்வு அனுப்பியிருக்கிறேன். புல்லும்_நீரும் சொன்னதைப் படித்த பிறகு, பயோட்டின் மட்டும்தான் காரணமா என்று எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

செம்புரவி

அண்ணா போட்ட கோடு இப்போது ஒரு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. மேலே வந்திருக்கும் பகுதி வழவழப்பாக, கொஞ்சம் செங்குத்தாக இருக்கிறது. கீழே பழைய பகுதி இன்னும் உதிரத்தான் செய்கிறது, ஒரு லாடம் போன வாரம் கழன்றது. அது சரி, ஒரு சந்தேகம். அவன் சிந்தும் தீவனத்தைப் பக்கத்தில் கட்டியிருக்கும் செம்மறியாடுகள் பொறுக்கித் தின்கின்றன. பரவாயில்லையா?

பரிமருத்துவம்

கூடவே கூடாது. செம்மறிக்குச் செம்பு ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், குதிரைக்குச் சரியான அளவே அதைக் கொன்றுவிடும். இன்றைக்கே இடத்தை மாற்றிக் கட்டுங்கள். பொடியைப் புல் மேல் தூவாமல், ஊறவைத்த குதிரைமசாலில் பிசைந்து தொட்டியில் வைத்துக் கொடுங்கள், சிந்தாது.